இரண்டு சாவியும் அவர்களிடமே

மகள் பிறந்தநாளுக்கு வீடற்றோர் காப்பகத்தில் பிரியாணி போடுவது எங்கள் வழக்கம். திண்டுக்கல்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? சில வருடங்களுக்கு முன் அப்படிப் பரிமாறும்போது, பேச்சியம்மாள் என்பவர் இடது கையால் ஒரு துணிப்பையை மடியோடு அணைத்தபடியே சாப்பிடுவதைக் கவனித்தேன். இன்னும் பலர் மடியிலும் பை.

“பையைக் கீழ வைக்கலாம்லம்மா?”

“ரோட்டுல படுத்துக் கெடந்தவ நான். செத்த நேரம் கண்ணசந்தா பை போயிரும்” என்றார்.

காப்பகத்தில் ஆளுக்கொரு சின்ன இரும்பு அலமாரி இருந்தது; பூட்டுதான் இல்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இது என் கண்ணில் படவே இல்லையே! மறுநாளே பூட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். தொலைந்தால் சிரமம் என்று ஒரு சாவியை அவர்களிடமும், மற்றொன்றைப் பொறுப்பாளரிடமும் கொடுக்கச் சொன்னது நான்தான்.

அடுத்த வாரம் போனால் அலமாரிகள் பூட்டியிருந்தன. பைகளோ மடியிலேயே இருந்தன! காலி அலமாரிக்கு எதற்குப் பூட்டு என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“நீ ஆசையாக் குடுத்த, பூட்டி வச்சிருக்கேன். ஆனா இன்னொரு சாவி ஆபீஸ்ல தொங்குதே தாயி. அப்புறம் அது எப்பிடி என் பூட்டு?”

கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர், அந்தச் சாவிகளையும் அவரவரிடமே கொடுத்துவிட்டார். பேச்சியம்மாள் இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, பையை உள்ளே வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு சாப்பிடப் போனார்.

இப்போதெல்லாம் பிரியாணிக்குச் சொல்வதற்கு முன்பே போய், அங்கிருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறேன். கொடுத்த பிறகு யோசனை சொல்வதில்லை.