ஸ்கிரீன் பார்த்தவன் என்று ஒரு பெயர்

ஈரத் துணி காயாமல் கிடந்தால் ஒரு வாடை வருமே, அதுதான் எங்கள் பிரவுசிங் சென்டர் ஏசியின் வாடை. கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். கூடவே யாரோ தின்றுவிட்டுப் போன மிக்சர் வாசனை... பிசுக்கேறிய கீபோர்டில், கேமில் நடக்க உதவும் நான்கு பட்டன்களில் மட்டும் எழுத்தே இருக்காது.

கிழக்குத் தாம்பரத்தில் செல்வி அக்கா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடத்திய சென்டர். கல்லூரி விட்டதும் எங்கள் கூட்டம் அங்கேதான். ரெஸ்யூம் டைப் பண்ணப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு டீமாகப் பிரிந்து துப்பாக்கியால் சுட்டுக்கொள்வோம். எந்த கேம் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைத்தான் இப்போது தூசி தட்டி, புது ஆட்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய மேப் எல்லாம் அப்படியே இருக்கிறதாம். இலவசமாம்!

அந்த இலவசம்தான் எனக்கு முதலில் இடித்தது. இத்தனை வருடம் எட்டிப்பார்க்காதவர்களுக்குத் திடீரென்று என்ன பாசம்? டவுன்லோடு முடிந்து உள்ளே போனால், துப்பாக்கிக்கு கலர் கலராகப் பெயின்ட் விற்கிற கடைதான் முதலில் திறந்தது. அதானே பார்த்தேன்.

அதைவிடப் பெரிய சந்தேகம், என்னை ஆடக் கூப்பிட்ட ஆள்மேல். சேவியர்.

சேவியரும் நானும் ஒரே கிளாஸ். கிறிஸ்துமஸ் என்றால் அவன் வீட்டுக் கேக்கில் முதல் துண்டு எனக்குத்தான் வரும். சென்டரில் மட்டும் எதிரெதிர் டீம்.

அங்கே யாரும் யாரையும் நம்ப மாட்டோம். மானிட்டர்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். கண்ணை லேசாகத் திருப்பினால் போதும், பக்கத்தில் இருப்பவன் கேமில் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அதனால் அட்டைப்பெட்டியைக் கிழித்து நடுவே சொருகி வைத்திருப்போம். என்ன கெட்ட வார்த்தை சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம்... "ஸ்கிரீன் பாக்குறான்" என்று மட்டும் சொல்லக் கூடாது. சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

பிளாஸ்டிக் சேர்கள் ஒவ்வொன்றாக உடைந்ததும் அக்கா ஒரு நீள பெஞ்சை வாங்கிப் போட்டார். சேவியருக்குக் கால் ஆட்டுகிற பழக்கம். அவன் ஆட்டினால் மொத்த பெஞ்சும் ஆடும். ஆனால் கேமில் எங்காவது பதுங்கி உட்கார்ந்தானோ, மூச்சைப் பிடித்துக்கொள்வான், காலும் நின்றுவிடும். அவன் பதுங்குவது எப்போதும் மேப்பில் இருக்கும் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால்தான். பெஞ்ச் ஆட்டம் நின்றால் நான் அங்கே குண்டை வீசிவிடுவேன். இதை நான் யோசித்துக்கூடச் செய்ததில்லை, கை தன் பாட்டுக்குச் செய்தது.

ஒரு சாயங்காலம் சேவியர் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு எழுந்தான்.

"டேய், இவன் என் ஸ்கிரீன பாக்குறான்டா! இல்லாட்டி ஒவ்வொரு தபாவும் எப்படிடா கரெக்டா அட்ச்சிகினு கீற?"

செல்வி அக்கா உள்ளே வந்தார். "இன்னா சத்தம்? மேல மாமியார் தூங்கினு கீறாங்க. சந்தேகமா இருந்தா அவன அந்த மூலைல தனியா உக்கார வெச்சி ஆட வுடுங்க."

மூலையில் ஒரு ஸ்டூல். எனக்கென்ன பயம் என்று போய் உட்கார்ந்தேன். ஆடினேன்... தோற்றேன். திரும்ப ஆடினேன். சேவியர் எங்கிருந்து சுடுகிறான் என்றே தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கே உறைத்தது, இந்த ஸ்டூல் ஆடவில்லை என்று.

உடனே சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

"கதை வுடாதடா. பெஞ்சு உன்னாண்ட வந்து சொல்லிச்சா?" என்றான் சேவியர். போய்விட்டான். அன்றைக்குப் போனவன்தான், கிளாஸில்கூட என்னோடு பேசவில்லை.

பிறகு வேலை, கல்யாணம். பள்ளிக்கரணையில் அவன் வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தேன். வாங்கிக்கொண்டான், வரவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

அப்படிப்பட்டவனிடமிருந்து திடீரென்று மெசேஜ். "மச்சான், நம்ம கேம் திரும்ப வந்துகீது. வா, ஒரே டீம்." நம்புவேனா? ஜாமீன் கையெழுத்து கேட்பானோ, முடிச்சூரில் பிளாட் கிளாட் விற்கிறானோ என்று ஊரப்பாக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஆசை விடவில்லை. ஞாயிறு மத்தியானம் உள்ளே போனேன்.

எதிர் டீமில் எல்லாம் பொடிசுகள். எங்கள் கை ஓடவில்லை, செத்துச் செத்து எழுந்தோம். ஒரே ஒரு ரவுண்டில் எனக்கு என்ன வந்ததோ, வரிசையாக மூன்று பேரைச் சுட்டுவிட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மைக்கில் ஒரு பையன் கத்தினான்: "ப்ரோ, இந்த அங்கிள் ஹேக் போடுறாரு. ரிப்போர்ட் அடிங்க!"

ஹேக் என்றால் கள்ள ஆட்டம். திரும்பவும் அதே பேரா?

அடுத்து வந்தது சேவியர் குரல். "தம்பி, வாய அடக்கு. காலேஜ்லேர்ந்து அவன எனக்குத் தெரியும். அவன் அந்த மாதிரி ஆளு கெடையாது."

கண் கலங்கிவிட்டது. மைக்கை அணைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் போன் செய்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "மச்சான், நமக்குள்ளயே இருக்கட்டும். அன்னிக்கு எப்படிடா பாத்த?"

அடப்பாவி!

"பாக்கலடா. அன்னிக்குச் சொன்னதுதான் நெஜம்."

"இன்னும் அதே கதையா?" விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நம்பலன்னா அந்தப் பையன்கிட்ட எதுக்குடா எனக்காகச் சண்ட போட்ட?"

"நான் சொல்வேன்டா. அவன் யாரு உன்னச் சொல்ல?"

அப்போதெல்லாம் ஒரு சந்தேகம் வந்தால் எழுந்து போய்விடுகிற வயசு. இப்போது அதே சந்தேகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிறான்.

சாப்பிட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.