ஆமைக்கு வந்த தபால்

ஆமை:
1957 ஏப்ரல் 7, சேர்க்கை, 50 குரூசெய்ரோ.
ஏப்ரல் 14, வெள்ளைக் கால்சட்டை, 130.
ஜூலை 28, வில்லுக்குக் கம்பி, 15.

சால்வதோர் நகரில், கபோயரா என்னும் சண்டையாட்டம் பழகிய எங்கள் கூடத்துக் கணக்கில் அவர் இப்படித்தான் இருக்கிறார். துறைமுகத்தில் கோக்கோ மூட்டை சுமந்தவர். நாற்பது வயதில் ஆட்டம் பழக வந்தார்.

புதிதாக வருபவருக்கு எங்கள் ஆசான், மேஸ்திரி ஒதிலோன், உதை சொல்லித்தர மாட்டார். தாளத்துக்கு வாசிக்கும் வில்லின் ஒற்றைக் கம்பி ஒலிக்க ஒலிக்க, கால்களை மாற்றிப் பின்னால் வைத்து அசைய வேண்டும். எதிராளியின் கால் சுழன்று வந்தால் தடுக்கக்கூடாது, குனிந்து நழுவ வேண்டும். இவரோ கால் வருமுன்பே தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார்.

"டேய் ஆமை! கழுத்த வெளிய நீட்டுடா, யாரும் அறுத்துற மாட்டாங்க!"

கூடமே சிரித்தது. அந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. கடக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அதன்பின் அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. எங்களில் யாருடையதையும் யாரும் கேட்டதில்லை.

வாடகை அறை அடிக்கடி மாறியதால், கஷோயிராவில் தனியாக இருந்த தங்கை நாசாரேவுக்குக் கூடத்தின் முகவரியைக் கொடுத்திருந்தார். 'அம்மாவும் போயாச்சு, என்னோடயே வந்துடு' என்று எழுதியிருந்தார்.

"எனக்குத் தபால் வந்துச்சா மேஸ்திரி?"

"ஆமைக்கு எவன்டா கடுதாசி போடுவான்?"

பல மாதம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பகலில் வரும் தபால்காரர், அக்டோபரில் ஒருநாள் தாமதமாகி, ஆட்ட நேரத்தில் வந்தார். "எர்மோஜெனிஸ் சில்வேய்ரா! இந்த வாட்டியாச்சும் ஆள் உண்டா?"

"எத்தன தரம்யா சொல்றது? அப்படி யாரும் இங்க இல்ல. திருப்பி அனுப்பு," என்றார் மேஸ்திரி.

நடுவில் தலைகீழாக நின்றிருந்த ஆமை அப்படியே சரிந்து விழுந்தார். "நான்தான் மேஸ்திரி! அது நான்தான்!"

வில் நின்றது. "உனக்கு இப்படி ஒரு பேரா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பிரித்தார். 'ரெண்டு கடுதாசியும் திரும்பி வந்துடுச்சு, அண்ணா. நான் வர்றது உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடு' என்றிருந்தது.

உடனே பதில் எழுதினார். அடியில் மேஸ்திரி ஒரு வரி சேர்த்தார்: 'இனி உறைமேல் ஆமை என்றே எழுதவும்.'

அடுத்த உறையில் அப்படியே இருந்தது. மேஸ்திரி அதை வாங்கி, மரியாதையாக, "எர்மோஜெனிஸ் சில்வேய்ரா!" என்று கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை, அவரும்தான்.

"டேய் ஆமை!"

ஓடி வந்தார். 'சனிக்கிழமைப் படகில் வருகிறேன்' என்று ஒரே வரி.

அதன்பின் அண்ணன் தங்கைக்குள் கடிதம் தேவைப்படவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1957 நவம்பர் 19.