கொட்டகைச் சத்தத்தில் சரோஜா அத்தை

வறுத்த முந்திரிக்கொட்டையின் கார நெடி மூக்கில் ஏறுவதற்கு முன்பே, இருபது முப்பது கட்டைகள் சேர்ந்து கொட்டை உடைக்கிற 'டொக் டொக்' சத்தம் தெருமுனையிலேயே காதை அடைக்கும். காடாம்புலியூரில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது அந்தக் கொட்டகையில்தான், அப்பாவின் அக்கா சரோஜா அத்தையின் பக்கத்தில். கையில் எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு, அத்தனை இரைச்சலிலும் பெண்கள் ஓயாமல் குடும்பக் கதை பேசுவார்கள். எனக்கு ஒரு வார்த்தை தப்பாது. ஒருத்தி தன் கதையைச் சொன்னால் மற்றவர்கள் 'ம்' கொட்டியாக வேண்டும், அதுதான் அங்கே மரியாதை.

அறுபது நெருங்கியபோது அத்தையின் 'ம்' இடம் தவறி விழ ஆரம்பித்தது. ஒருநாள் எதிரே இருந்த வள்ளி, தன் மகளுக்குக் கரு கலைந்துவிட்டதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அத்தை தலை நிமிராமல், வழக்கமான சிரிப்போடு "நல்லதுதான், நல்லதுதான்" என்றாள். கட்டைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஒங்க அத்தைக்குக் காது மந்தமாடி?" என்று வள்ளி என்னைத்தான் கேட்டாள். வீட்டில் நான் அடுப்படியில் முணுமுணுப்பதற்குக்கூட அத்தை பதில் சொல்லுவாள். அந்தப் பெருமையில், "எங்க அத்தைக்கா? ஊசி வுழுந்தாகூட கேக்கும்!" என்றேன். பிள்ளை பெறாதவளின் 'வவுத்தெரிச்சல்' என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"சத்தத்துல எல்லாம் ஒண்ணா கலந்துடுதுடி, பேச்சு மட்டும் தனியா வர மாட்டேங்குது" என்று அத்தை என்னிடம் அழுதாள். "வேணும்னா கேக்கும், வேணான்னா கேக்காது" என்றாள் அம்மா. நான் அம்மாவைத்தான் நம்பினேன். ஒரு மாதத்தில் அத்தை கொட்டகைக்குப் போவதையே விட்டுவிட்டாள்; அவள் சாவுக்குக்கூட வள்ளி வரவில்லை.

இப்போது எனக்கு அறுபத்து மூன்று; சிதம்பரத்தில் மகனோடு இருக்கிறேன். மூடிய அறையில் வைத்துச் சோதித்த டாக்டர், காது வயதுக்குப் பரவாயில்லை, இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கிற சக்திதான் குறைந்துவிட்டது, போனது திரும்பாது என்றார். வாங்கிய காது மெஷினோ கல்யாண மண்டபத்தில் மேளத்தையும் பேச்சையும் சேர்த்தே பெரிதாக்கியது, கழற்றி வைத்துவிட்டேன். ஊரில் கொட்டகை போய், கொட்டை உடைக்க இயந்திரம் வந்துவிட்டது, அந்தப் பெண்களில் ஒருத்தியும் உயிரோடு இல்லை. அத்தை நடிக்கவில்லை என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வெட்கத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

போன ஞாயிறு கீரப்பாளையத்தில் சம்பந்தி வீட்டு விசேஷம். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சற்றுத் தாமதமாகச் சிரித்துவிட்டு, என்ன என்று மகனைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லம்மா, நீ சாப்புடு" என்றான். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து சொல்லுவான். இப்போது அதுவும் இல்லை.