நீலம் ஒளியாது

கியோனோ எனக்குப் பக்கத்து வீடு. ஜப்பானில் எங்கள் ஊரான நான்கோகுவில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். மற்ற நேரமெல்லாம் சாபோ கோழிகளோடுதான். கால் குட்டையாக, வால் செங்குத்தாக நிற்கும் அந்தச் சின்னக் கோழிகளை எங்கள் ஊரில் பலரும் வளர்க்கிறோம். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டவை நிறைய உண்டு. சாம்பல் நீலத்தில் வெள்ளைப் புள்ளி வேண்டுமென்று கிளம்பியவள் அவள் ஒருத்திதான்.

புள்ளிக் கோழிகளை ஒரு நீலச் சேவலோடு சேர்த்தாள். பிறந்ததில் ஒன்றுக்குக்கூடப் புள்ளி இல்லை.

"புள்ளியெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டியா, கியோனோ?" என்று ஊர்க் கோழி வளர்ப்போர் சங்கத்தில் கேலி செய்தார்கள்.

"உள்ள ஒளிஞ்சிருக்கு. தாய், தகப்பன் ரெண்டு பேருமே குடுத்தாத்தான் வெளிய வரும்" என்றாள்.

அதில் நீலமாக வந்தவற்றை வளர்த்து மறுபடி புள்ளிக் கோழிகளோடு சேர்த்தாள். சில குஞ்சுகள் அவள் கேட்டபடியே வந்தன. நிறம் கலங்கியதைக் கழித்துக் கழித்து, மனசுக்குப் பிடித்த மாதிரி அமைய வருஷக்கணக்காயிற்று. புருஷன் ஸோஹெய்தான் கூண்டு அடித்தான், தீனி வைத்தான். கண்காட்சியில் காட்டும்வரை ஒரு முட்டையும் வெளியே போகக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

சங்கக் கண்காட்சி வந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய சேவல் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் கண்காட்சிக்கு என்னோடு வந்தாள். ஸோஹெய்யை அந்த வருஷம்தான் நடுவராக்கியிருந்தார்கள்.

முதல் பரிசு சங்கத் தலைவர் ஒகாபயாஷிக்கு. கூண்டுக்குள் நீலத்தில் வெள்ளைப் புள்ளியோடு ஓர் இளஞ்சேவல்.

கியோனோ வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அழகா இருக்கு, தலைவரே. தாய் தகப்பன் எது?"

"ரெண்டும் நம்ம வீட்டுக் கறுப்புதாம்மா. அதிர்ஷ்டம், திடீர்னு வந்துச்சு."

"கறுப்புக்குள்ள புள்ளி ஒளிஞ்சிருக்கும், ஒத்துக்கறேன். நீலம் ஒளியாதே. ரெண்டுல ஒண்ணாவது நீலத்தைக் காட்டியிருக்கணுமே?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கோழி வளர்ப்பவர்கள். அவள் கேட்டதன் பொருள் அவர்களுக்குப் புரிந்தது. தலைவரின் கண் ஸோஹெய் பக்கம் போனது. அவன் சட்டையில் குத்தியிருந்த நடுவர் ரிப்பனைத் தொட்டபடி தரையைப் பார்த்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

"எப்போ குடுத்தீங்க?"

"வசந்தத்துல. கொஞ்சம் முட்டைதானே, கியோனோ. இத்தனை வருஷமா சங்கத்துல என்னை டீ ஊத்தத்தான் கூப்பிட்டாங்க."

"அதுக்கு என் கோழியா கிடைச்சுது?"

"நம்ம கோழின்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்க."

ஆதாரம் இல்லையென்று சங்கம் பரிசைத் திரும்ப வாங்கவில்லை. கியோனோ சங்கத்தை விட்டு விலகினாள். அடுத்த வசந்தத்தில் கூடை கூடையாக முட்டையைக் பக்கத்து நகரமான கொச்சியின் ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோய், கோழி வளர்ப்பவர் யார் கேட்டாலும் சும்மாவே கொடுத்தாள். "குஞ்சு வந்தா யார் வீட்டுதுன்னு மறைக்காம சொல்லுங்க. அது போதும்." சீக்கிரமே சுற்றுவட்டாரத்தில் நீலப் புள்ளிக் கோழி மேயாத கொல்லை இல்லை. தலைவரின் சேவலைப் பார்க்க யாரும் நிற்பதில்லை.

ஸோஹெய் நடுவர் பொறுப்பை விட்டுவிட்டான். அவள் ஏனென்று கேட்கவில்லை. ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள்.

"ஜெயிச்சிட்டியே, இன்னும் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தினமும் காலையில முட்டையை எண்ணிப் பார்க்கறேன், அவரு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி" என்றாள். "நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல."