டண்டியில் மாப்பிள்ளை விசாரித்த கதை

வியாழக்கிழமை காலை மாத்தளையிலிருந்து வேன் புறப்பட்டது. ஸ்கொட்லாந்தில் டண்டி என்ற நகரத்தில் என் மகள் வித்யாவுக்குப் பட்டமளிப்பு விழா. வீசாவுக்குச் சொன்ன காரணம் அதுதான். ஆனால் என் அக்கா வாசலில் நின்று சொல்லி அனுப்பியது வேறு.

"அந்தப் பையனைப் பத்தி நல்லா விசாரிச்சிட்டு வா தம்பி. நீ சரின்னா சரி. வேணாம்னா இந்தப் பேச்சை இதோட விட்டுருவோம்."

பையன் பெயர் தினேஷ். ரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படிக்கப் போய், டண்டியிலேயே தங்கிவிட்டவன். மாநகர சபையில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். அக்கா மகள் கீதா சில மாதமாக அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வேனில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாம பாத்துட்டு வாங்க மாமா" என்றாள். இரும்புக்கடை வைத்திருப்பவன் நான். என் ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் கலியாணம் தொங்கினால் எப்படி?

வெள்ளிக்கிழமை பகல் எடின்பரோவில் இறங்கினேன். வித்யா வந்திருந்தாள். அங்கிருந்து டண்டிக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வழி முழுக்க ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை. இறங்கும்போது டிரைவர் ஏதோ சொன்னார்.

"என்ன பாஷைம்மா அது?"

"இங்கிலிஷ்தான்பா."

அதோடு என் இங்கிலிஷ் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

டண்டி மலைச்சரிவில் ஏறிப்போகும் ஊர். கீழே டே ஆறு, மேலே அடுக்கடுக்காகக் கல்வீடுகள். வெள்ளைக்காரன் ஊர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு முதலில் கண்ணில் பட்டது குப்பை. தொட்டி நிரம்பி, பைகள் நடைபாதைக்கு வந்து, கடற்பறவைகள் அவற்றைக் கிழித்துக்கொண்டிருந்தன.

"ஸ்ட்ரைக்பா. விலைவாசி ஏறுற அளவுக்குச் சம்பளமும் ஏறணும்னு குப்பை அள்ளுறவங்க கேக்கிறாங்க" என்றாள் வித்யா. இரவுச் சாப்பாட்டை முடித்துப் பார்த்தால் வெளியே இன்னும் வெயில். எனக்கு நேரமும் பிடிபடவில்லை, ஊரும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை விசாரணைக்குக் கிளம்பினேன். "தினேஷையே கூப்பிட்டுப் பேசுங்களேன்பா. எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பையனைக் கேட்டா, பையன் தங்கம்னுதான் பையன் சொல்லுவான்."

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தெருமுனைக் கடை, பிறகு பக்கத்து வீடு. ஹில்டவுன் என்ற செங்குத்தான தெருவில் அவன் குடியிருந்த கட்டடத்தின் கீழேயே ஒரு கடை. துண்டு போட்டுச் சாப்பிட ஒரு பாண் வாங்கினேன். ஒன்றரைப் பவுண், நம் காசுக்கு அறுநூறு ரூபாய், அநியாயம்! கடைக்காரப் பெண்ணிடம் வித்யாவைக் கேட்கச் சொன்னேன். தினேஷ் குடிப்பானா? கடன் இருக்கிறதா? எத்தனை மணிக்கு வேலைக்குப் போவான்? யார் யார் வந்து போவார்கள்?

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. தெரியாது என்றாள். பக்கத்துக் கதவில் நாயோடு நின்ற கிழவரைக் கேட்டோம். அவரும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். அடப்பாவி, ஒரே தெருவில் இருப்பவனை யாருக்குமே தெரியாதா? இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று அப்போதே மனதில் எழுதிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அங்கி போட்ட இரண்டு தடியர்களும், கையில் பெரிய ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண்மணியும் வந்து எங்களை மறித்தார்கள். அந்தப் பகுதியின் சபை உறுப்பினராம் அந்தம்மா. கடைக்காரி போன் போட்டிருக்கிறாள். நான் குடிவரவு அதிகாரியா, இல்லை ஸ்ட்ரைக்கில் யார் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்க வந்தவனா என்று அந்தம்மா கேட்க, வித்யா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"தினேஷுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வித்யா தயங்கினாள். "தினேஷ் குப்பை லொறியிலதான் வேலை செய்றாருப்பா."

மாநகர சபையில் வேலைதான், பொய்யில்லை.

நாங்கள் வந்தது கலியாணத்துக்கு விசாரிக்க என்று வித்யா சொன்னதும் அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைக்காரி வெளியே ஓடிவந்து, முதலிலேயே சொல்வதற்கென்ன என்று என்னைத் திட்டினாள். பிறகு கொட்டியது புகழ்மழை. பனிக்காலத்தில் கிழவர் வீட்டுப் படியில் பனியை வழித்துவிடுவானாம். குடித்து யாரும் பார்த்ததில்லையாம். அடுத்த தேர்தலில் சபைக்கு அவனையே நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம்.

குப்பை அள்ளுகிறவன் சபை உறுப்பினரா? "ஸ்ட்ரைக் சபைக்கு எதிராத்தானே? நீங்க சபையில இருக்கீங்க. அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்று வித்யாவை விட்டு அந்தம்மாவைக் கேட்டேன். அவர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். ஸ்ட்ரைக்கில் நிற்கும் இவர்களுக்குத் தேநீர் கொண்டு வந்திருக்கிறேனே என்றார். எங்கள் பக்கம் வேலை கேட்டு மக்கள்தான் உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்பார்கள். இது என்ன அரசியலோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடைசியில் தினேஷ் வந்தான். ஒல்லியான பையன், முகத்தில் பயம்.

"தரகர் சொன்னதுக்கு நான் பொறுப்பில்ல மாமா. கீதாகிட்ட முதல் வாரமே சொல்லிட்டேன். யூனிஃபோர்மோட படமும் அனுப்பினேன்."

அப்படியானால் கீதாவுக்குத் தெரியும்! அம்மாவிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும் என்றுதான் அந்தக் கள்ளி என் கையைப் பிடித்திருக்கிறாள்.

"உனக்கு வெக்கமா இல்லையாப்பா?"

"இங்க இல்ல மாமா. ஊருக்குப் பேசும்போதுதான்."

பட்டமளிப்பு முடிந்து நான் புறப்பட்ட நாளிலும் ஸ்ட்ரைக் முடியவில்லை. விமானத்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவுக்குக் குப்பை டிராக்டர் வந்தால் நாற்றத்துக்குக் கதவைச் சாத்துவோம். அங்கே ஒரு தெருவே அந்தப் பையனுக்காக என் முகத்தில் கதவைச் சாத்தியது. எது சரியான ஊர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாத்தளையில் பெட்டியை இறக்குவதற்குள் அக்கா வந்துவிட்டாள், கீதாவும் கூடவே. பையன் தங்கமானவன் என்றேன். தெருவே கொண்டாடுகிறது என்றேன். வேலை குப்பை லொறியில் என்றும் சொன்னேன். அக்காவின் முகம் இருண்டது.

"உனக்கும் பொண்ணு இருக்கு. அதே ஊர்லதான் இருக்கா. வித்யாவை அவனுக்குக் குடுப்பியா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பெட்டியின் பூட்டைத் திறந்தேன், மறுபடி பூட்டினேன். என் வித்யாவா? படிப்பும் பட்டமும் மேடையும் கண்ணில் வந்து போயின. கிழவர் சாத்திய கதவும் வந்தது.

"குடுப்பேன்" என்றேன்.

"பாத்தியா, எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்றான்!" என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா நம்புறேன்" என்றாள் கீதா. "மாமா உடனே சொல்லியிருந்தா, அது உங்களைச் சமாளிக்கச் சொன்னதா இருக்கும். இது வித்யாவை நெனச்சுப் பாத்துச் சொன்னது."