பெரியப்பாவின் மைக்

பெரியப்பாவின் பட்டாளத்து ரேடியோவை என் மகன் பழுதுபார்த்து ஓடவிட்டதும், வால்வுச் சூட்டில் தூசி கருகும் வாசம் வந்தது. ஐம்பதுகளில் கொழிஞ்சாம்பாறை வீடு முழுக்க இதே வாசம்தான்.

செய்தி கேட்டால் போதுமென்று, ஏலத்தில் எடுத்த அந்தப் பெட்டியின் பேசும் பாகத்தை மெக்கானிக் கழற்றிவிட்டார். மைக்கை மட்டும் பெரியப்பா விடவில்லை. அதன் வயரை மேஜைக்காலில் கட்டிவைத்து, வாசலில் நிற்கும் பண்ணையாட்களைக் கவர்னர் தோரணையில் அதில்தான் அதட்டுவார்.

“ஏனப்பா, மேட்டுக்காடு ஓட்டியாச்சா?”

“ஆச்சுங்க” என்று பெட்டியைப் பார்த்துச் சொல்வான் மாரப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கிணற்றில் எருது விழுந்த அன்றும் அந்த மனுசன் மைக்கைத் தேடித்தான் ஓடினார். எருது செத்தது.

“பேசுற பாகத்தையும் சேர்த்துட்டேனுங்கப்பா” என்று மகன் மைக்கை நீட்டினான்.

வாங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.