கல்யாணத்துக்குக் காத்திருந்த பாப்லர்கள்

துராலி தன் மகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. மரத்தை வெட்டவேண்டும் என்றுதான் அவசரப்பட்டார். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே காரியம் என்பதுதான் அவருக்கு வந்த வினை.

துருக்கியில், யோஸ்காட் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்தால் அப்பன் தொட்டில் கட்டுகிறானோ இல்லையோ, வாய்க்கால் கரையில் கறுப்புப் பாப்லர் மரக் குச்சிகளை ஊன்றிவிடுவான். பெண்ணும் வளரும், மரமும் வளரும். நிச்சயமானதும் மரத்தை வெட்டி விற்றுச் சீர் செய்வார்கள். நெஃபிசே பிறந்த வசந்தத்தில் துராலியும் ஊன்றினார். ஒழுங்கான மனிதர். வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் திரும்ப இடம் விட்டு, முதலில் சர்க்கரை பீட்ரூட் போட்டார். நிழல் இறங்கியபின் ஆடுகளுக்குக் குதிரைமசால். மேலே மரம், கீழே தீனி. வேளாண் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து மெச்சி, நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். போட்டோவைக்கூட அனுப்பவில்லை.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். துராலி அதிகம் ஊற்றவில்லை. மரங்களே பக்கத்து வயல்காரர் ஸிவெரின் வெங்காயப் பாத்திக்குள் வேரை விட்டுக் குடித்துக்கொண்டன. நிழலையும் அங்கேயே விரித்துக்கொண்டன. ஸிவெர் காலையில் வாய் கொப்பளிக்கிறாரோ இல்லையோ, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொல்லிவிடுவார்.

"என்ன துராலி அண்ணே, ஒங்க மக எப்பத்தான் கல்யாணம் கட்டுவா? எங்க வெங்காயம் வெயிலப் பாத்து வருஷக்கணக்காச்சு."

"ஒன் வெங்காயத்துக்கு வெயில் வேணும்னு எம்மகளப் புடிச்சுக் கட்டிக் குடுக்கணுமாடா?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க."

நெஃபிசேயோ பக்கத்து டவுனில் மாட்டு டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். மாட்டுக்கு ஊசி போடுவாள், கன்று திரும்பிக் கிடந்தால் தோள்வரை கையை விட்டு இழுப்பாள். பெண் பார்க்க வந்த பையன்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கடைசியாக வந்தவனைப் பற்றி அம்மா ஹுஸ்னே கேட்டபோது, "அவங்க வீட்டு மாடு நல்ல மாடும்மா" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மரங்கள் முடியவில்லை. கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மர வியாபாரி வந்து கோடரியின் பின்பக்கத்தால் தட்டி, அடிமரத்தில் காது வைத்துக் கேட்பார். இந்த வருஷம் இரண்டு மரங்கள் வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தன.

"உள்ள பொக்கு விழ ஆரம்பிச்சிருச்சு பெரியவரே. இந்தக் குளிருக்குள்ள வெட்டுனா பலகை. அடுத்த குளிருக்கு விட்டீங்கன்னா வெறகு."

துராலிக்கு ஒருவாரம் சோறு இறங்கவில்லை. வெட்டினால், 'மகள் மரத்தைத் தின்றவன்' என்ற பேர் வரும். எந்தக் காலத்திலோ அப்படிச் செய்த ஒருவரின் பேரன் வீட்டை நாங்கள் இன்னமும் மரந்தின்னி வீடு என்றுதான் சொல்கிறோம். அடுத்தவர் விஷயத்தில் எங்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

நெஃபிசேதான் ஒருநாள் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அது என் மரந்தானே?"

"ஒன் மரந்தான், யாரு இல்லேன்னா?"

"அப்ப நான் சொல்றேன். வெட்டுங்க. எனக்கு ஒரு பழைய வேன் வேணும். ஊரு ஊராப் போயி மாடு பாக்கப் போறேன்."

"கல்யாணம்?"

"யாருக்கு, மரத்துக்கா?"

துராலி மனைவியைப் பார்த்தார். "வெட்டுங்க" என்றாள் ஹுஸ்னே. "ஊரு பேசும். வெட்டாட்டி மட்டும் வாய மூடிக்கிட்டா இருக்கு?"

வெட்டு நாளன்று ரம்பம் உறுமியது. முதல் மரம் பனியில் சாய்ந்தது. மூன்றாவது மரம் விழுவதற்குள் பெண்கள் பக்லாவா இனிப்புத் தட்டோடு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாத மேளக்காரர், யாரும் கூப்பிடாத நாயனக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸிவெர் கோட்டு மாட்டியிருந்தார். துராலியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, வெங்காயத்தை நினைத்து என்பது என் ஊகம்.

"நல்லா இருக்கட்டும் அண்ணே! மாப்பிள்ள எந்த ஊரு?"

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மரம் பொக்காப் போச்சுடா!"

"கண்ணு படும்னு மறைக்கிறீங்க. சரி சரி."

துராலி ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்றார். இல்லை என்று அவர் கத்தக் கத்த, இடம் பெரிய இடமாகிக்கொண்டே போனது. மதியத்துக்குள் மாப்பிள்ளை அங்காராவில் சொந்த ஃபிளாட் வைத்திருந்தார். சாயங்காலம் அவருக்கு அரசாங்க உத்தியோகமும் கிடைத்துவிட்டது. ஹுஸ்னே டீ போட்டுப் போட்டு வீட்டில் இருந்த சர்க்கரைக் கட்டியெல்லாம் தீர்ந்தது. நெஃபிசே வேலை முடித்து, சாணி வாடையோடு வந்து இறங்கியதும் பெண்கள் அவள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார்கள்.

"மோதிரத்தக் காணோமே?"

"மாட்டுக்குள்ள கைய விடுறவ எப்படிப் போடுவா? பெட்டியில வெச்சிருப்பா."

"நான் வேன் வாங்கப் போறேன் அத்தை, கல்யாணம் இல்ல" என்றாள் நெஃபிசே.

"மாப்பிள்ள வேனும் குடுக்கிறாராம்!"

துராலி அடிமரக் கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரர் அதைப் பெண்ணைப் பிரியும் துக்கம் என்று புரிந்துகொண்டு சோகமாக ஒன்று வாசித்தார்.

மாப்பிள்ளை வரவில்லை. வேன் வந்தது. ஓட்டி வந்தவள் நெஃபிசே. பின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன், பட்டியலில் நானும் வரவேண்டியிருக்கும். அதன்பிறகு டீக்கடையில் துராலி நுழைந்தாலே, "பாவம், அங்காராக்காரன் கடைசி நேரத்துல மாறிட்டான்" என்று குரலைத் தாழ்த்தினார்கள். இல்லாத ஒருவன் தன் மகளை வேண்டாம் என்றதற்காக அந்த மனிதர் இரண்டு மாதம் ஆறுதல் வாங்கிக்கொண்டார்.

மார்ச்சில் வடகாற்று வந்தது. தடுக்க மரம் இல்லை. ஸிவெர் வெங்காய நாற்றுக்குப் போர்த்திய பிளாஸ்டிக்கைத் தூக்கி மசூதிக் கூரைமேல் போட்டது.

"என்ன அண்ணே, இப்படிப் பொட்டல் ஆக்கிட்டீங்களே!" என்றார் ஸிவெர். துராலியின் குதிரைமசாலும் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. வெட்டியபோது ஒதுக்கி, ஈரமண்ணில் புதைத்து வைத்திருந்த குச்சிகளைத் துராலி எடுத்தார். வாய்க்கால் கரையில் கயிறு பிடித்து ஊன்றத் தொடங்கினார்.

ஸிவெர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாய்க்காலைத் தாண்டி மெதுவாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"அண்ணே... அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்கா. ஏன்?"

"இல்ல, இந்த வயசுல..." ஸிவெர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "எத்தன மாசம்?"

துராலி கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். ஸிவெரின் தலையைப் பார்த்தார். குச்சியை மண்ணில்தான் குத்தினார், வேண்டியதைவிட ஆழமாக.

மறுநாள் யாரோ ஹுஸ்னேயிடம் ஒரு ஜோடி குட்டிக் காலுறை பின்னிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல கம்பளி.